பிஸ்கட் டின்னுக்கு வைத்த சந்தனம்

நான் என் வாழ்க்கையில் உருப்படியாகச் செய்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு பிஸ்கட் டின். டின்னைச் செய்தவன் சீமைக்காரன், உள்ளே இருந்த பிஸ்கட்டைத் தின்றவன் நான். அதற்குப் பிறகு அதற்குள் நான் திணித்து வைத்த சங்கதியைத்தான் சொல்ல வருகிறேன். அந்தக் காலத்தில் நான் வாங்கிப் படித்த ஆங்கில ரேடியோ பத்திரிகைகள் அதை ப்ரீ-ஆம்ப்ளிஃபையர் என்றன. மைக்கிலிருந்து நூலிழையாக வருகிற மின்சாரத்தைக் கொஞ்சம் ஊட்டி வளர்த்து, பெரிய ஒலிபெருக்கியின் கையில் ஒப்படைக்கிற சின்னப் பெட்டி. என் மனைவி அதைக் கடைசிவரைக்கும் பிஸ்கட் டின் என்றே சொன்னாள்.

யுத்தம் வருவதற்கு இரண்டு மூன்று வருஷம் முன்பு நடந்தது இது. கடல் தாண்டி வந்த தமிழர்கள் கூடி வாழும் தேக்காவில் ஒரு கடைவீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தோம். கீழே மிளகாயும் மல்லியும் அரைத்துக் கொடுக்கும் மில். அதனால் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் தும்முவார்கள், பிறகுதான் நலம் விசாரிப்பார்கள். எனக்குத் துறைமுகத்தில் தந்தி குமாஸ்தா வேலை. நாள் முழுக்க டிக் டிக் என்ற சத்தத்தைக் கேட்டுக் கேட்டு என் காது கூர்மையாகிவிட்டது என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. காது மட்டும்தான் கூர்மையாகியிருக்கிறது என்பது என் மனைவியின் கட்சி.

பெட்டி செய்ய நேர்ந்த காரணம் எனக்குப் பெருமை தருவது அல்ல. இருந்தாலும் அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

முந்தைய வருஷத்து விஜயதசமி. கோயில் மண்டபத்தில் அன்று மாலை பெண்கள் மேடையேறிப் பாடுவது வழக்கம். என் மனைவிக்கு அருமையான குரல், ஆனால் சின்னக் குரல். அடுப்படியில் பாடினால் அறைக்குள் கேட்கும், படிக்கட்டுக்குக் கேட்காது. வலிந்து உரக்கப் பாடச் சொன்னால் அதன் அழகே போய்விடும். அன்றுதான் அவள் முதல் தடவையாக மேடையேறினாள். ஒலிபெருக்கி வைத்தவர் எங்கள் தெருக்கோடியில் கடை வைத்திருந்த பாய். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே நிலைத்துவிட்டவர். கல்யாணங்களுக்கு நாற்காலியும் விளக்கும் வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவர், புதிதாக ஓர் ஒலிபெருக்கியையும் வரவழைத்திருந்தார். அதோடு வந்தது கரி மைக். உள்ளே கரித்தூள் அடைத்திருக்கும். எதிரே நின்று கத்தினால்தான் அந்தத் தூள் அசையும், சத்தம் வரும். அரசியல் பேசுகிறவர்களுக்கு ஏற்ற சாமான். என் மனைவியின் குரலுக்கு அது அசைந்தே கொடுக்கவில்லை.

நான் மண்டபத்தின் கடைசித் தூணருகே நின்றிருந்தேன். அவளுடைய உதடு அசைவது தெரிந்தது. பாட்டு வந்து சேரவில்லை. வீட்டில் நான் மட்டும் கேட்டு அனுபவிக்கிற குரல் இத்தனை பேருக்கும் கேட்காமல் போகிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. என்னை மறந்து, "பின்னால கேக்கலை! சத்தமா!" என்று கத்திவிட்டேன்.

கூட்டம் சிரித்தது. அவள் இரண்டாவது அடியிலேயே நிறுத்தினாள். கை கூப்பிவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

மேடை விளக்கு அவள் கண்ணைக் கூசச் செய்திருக்கும், யார் கத்தியது என்று தெரிந்திருக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து சோறு போடும்போது, "பின்னாலேருந்து யாரோ கத்துனாங்க" என்றாள்.

"எவனோ ஒரு மடையன்" என்றேன்.

"ஆமா" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

அதற்குப் பிறகு அவள் பாடவில்லை. மேடையில் மட்டுமல்ல, அடுப்படியிலும் பாடவில்லை. அம்மி அரைத்தாள், துணி துவைத்தாள், பூத் தொடுத்தாள், எல்லாம் வாய் திறக்காமல். கோபமாக இருப்பதாகவும் தெரியவில்லை. என்னோடு எப்போதும்போல் பேசினாள், கிண்டல் செய்தாள். பாட்டு மட்டும் இல்லை. வீட்டில் ஒரு பாட்டு நின்றுபோனால் வீடு இவ்வளவு வெறிச்சோடும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. கத்தியவன் நான்தான் என்று சொல்லிவிட நூறு தடவை வாயெடுத்திருப்பேன். ஒரு தடவையும் வார்த்தை வரவில்லை. மன்னிப்புக் கேட்பதைவிட ரேடியோ வால்வு வைத்து ஒரு பெட்டி கட்டுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

கப்பலில் தந்தி அடிக்கும் சிநேகிதர் ஒருவர் ஊருக்குப் போகும்போது ஒரு மைக்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். கரி மைக் அல்ல, புது மாதிரி. உள்ளே ஒரு படிகத் துண்டு இருக்கும். முணுமுணுத்தால்கூடப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அது தரும் மின்சாரம் மிகமிகக் கொஞ்சம். பாயின் கடைக்கு எடுத்துப்போய் அவருடைய ஒலிபெருக்கியில் மாட்டிப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. பாய் ஸ்பீக்கரின் வாயில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, என் மிசினு கத்துறவனுக்குத்தான் கத்தும். இது பாவம், ரகசியம் பேசுது" என்றார். அந்த ரகசியத்தைப் பேச்சாக்கித் தருகிற பெட்டி ஒன்று நடுவில் வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சனிக்கிழமை மதியங்களில் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் என்னைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. மின்சாரத்தைப் பெருக்கித் தரும் கண்ணாடிக் குமிழான வால்வு ஒன்று கிடைத்தது. அதன் கால்களைச் செருகி நிறுத்த ஒரு பீங்கான் பீடம் கிடைத்தது. கம்பிகளை இறுக்கும் பித்தளைத் திருகு இரண்டு, உடைந்த ரேடியோ ஒன்றிலிருந்து கழற்றினேன். மின்சாரம் கசியாத பலகை வேண்டுமே என்று தேடிக்கொண்டிருந்தபோது வீட்டில் ஒரு கிராமபோன் தட்டு கீழே விழுந்து உடைந்தது. தானாக விழுந்ததா, நான் தட்டிவிட்டேனா என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு அபிப்பிராயம் உண்டு. எப்படியோ, அந்தத் தட்டின் பெரிய துண்டில் காய்ச்சிய ஊசியால் துளை போட்டு, பித்தளைத் திருகுகளைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினேன். மைக்கின் இரண்டு கம்பிகளும் அந்தத் திருகுகளில் வந்து சேரும். தட்டுத் துண்டு டின்னின் முகப்பு ஆயிற்று. தூரத்திலிருந்து பார்த்தால் கறுத்த முகத்தில் இரண்டு கண் போல இருந்தது.

இன்னொரு சாமானைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். வால்வுக்குள் மைக்கின் மின்சாரம் போய்ச் சேருகிற இடத்தில் வேண்டாத மின்சாரமும் சொட்டுச் சொட்டாகத் தேங்கும். தேங்கிவிட்டால் வால்வுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் தேங்குவது வடிய ஒரு வழி வைக்க வேண்டும். வழி பெரிதாக இருந்தால் பாட்டும் சேர்ந்து வடிந்துவிடும், ஆகவே மிக மெல்லிய வழி. அதற்கென்று சின்னக் கண்ணாடிக் குழாய் ஒன்று விற்பார்கள். நான் அதற்கு வைத்த பெயர் வடிகால். என் பெட்டியில் இருந்த வடிகால், இரண்டு முனையிலும் வெள்ளிப் பூண் போட்டு, பார்க்கவே கம்பீரமாக இருக்கும். அசல் சீமைச் சரக்கு.

பெட்டி தயாரானதும் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு நான் முன்னறையில் உட்கார்ந்தேன். மைக்கை அடுப்படியில் தொங்கவிட்டேன்.

"ஏதாவது பாடு" என்றேன்.

"பாட மாட்டேன். வேணும்னா பசாருக்குப் போயி என்ன வாங்கணும்னு சொல்றேன்" என்றாள். அப்படித்தான் என் பெட்டியில் முதன்முதலாக ஒலித்த வார்த்தைகள், "கத்திரிக்கா, வாழைப்பூ, காய்ஞ்ச நெத்திலி" என்று ஆயின. நெத்திலி வரைக்கும் குரல் கண்ணாடி மாதிரி வந்தது. எனக்கு எழுந்து ஆட வேண்டும்போல் இருந்தது. அதற்குப் பிறகு 'டொக்' என்று ஒரு சத்தம். குரல் அடைத்துக்கொண்டது. யாரோ தலையணையை வைத்து அமுக்கினாற்போல் ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி 'டொக்'. ஒரு வார்த்தை தெளிவாக வரும், அடுத்தது வராது.

"கேட்டுச்சா?" என்று எட்டிப் பார்த்தாள்.

"நெத்திலி வரைக்கும் கேட்டுச்சு."

"அதுக்கப்புறந்தான் முக்கியமான சாமான் எல்லாம் சொன்னேன். இப்ப அதை மறந்துட்டு வந்து நிப்பீங்க."

அன்றிலிருந்து ஏழெட்டு வாரம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. அடைப்போடு கூட 'ங்ங்' என்று ஓர் இரைச்சலும் இருந்தது. கீழே இருந்த மில்லின் மோட்டார்தான் என்று தெரிந்துகொண்டேன். டின்னிலிருந்து ஒரு கம்பியை இழுத்துக் குளியலறைத் தண்ணீர்க் குழாயில் கட்டியதும் இரைச்சல் பாதியாயிற்று. மைக்கை ரப்பர் வளையங்களில் தொங்கவிட்டதும் படிக்கட்டில் யாராவது ஏறினால் கேட்ட தடதட நின்றது. வால்வை ஒரு துண்டு பஞ்சில் உட்கார வைத்தேன். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அவள் பசார் சாமான்களை வாசிப்பாள், ஒவ்வொரு தடவையும் குரல் முன்னைவிட இனிமையாக வரும், ஆறாவது ஏழாவது சாமானில் அடைத்துக்கொள்ளும்.

ஒன்று மட்டும் கவனித்தேன். மழை பெய்தால் அடைப்பு வருவதில்லை. மழை நாளில் மிளகாய் காய வைக்க முடியாது, ஆகவே மில் ஓடாது. மில் ஓடாத நாளில் பெட்டி ஒழுங்காக இருக்கிறது என்றால் குற்றவாளி யார்? மில்தான். இதைவிடத் தெளிவான துப்பு வேண்டுமா என்று எனக்கு ஒரே கும்மாளம். மில்காரரிடம் இறங்கிப் போய் மோட்டாரை மாற்றச் சொல்லிச் சண்டை போட்டேன். அவர் எனக்கு அரைக் கட்டி எடை மிளகாய்த்தூளைக் கொடுத்து அனுப்பிவைத்தார். நான் என் கையால் முறுக்கிய கம்பிகளை எல்லாம் அவிழ்த்து மறுபடி முறுக்கினேன். நானே பற்ற வைத்த ஈயத்தை எல்லாம் சந்தேகப்பட்டேன். சீமையிலிருந்து வந்த வடிகாலை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. வெள்ளிப் பூண் போட்ட சாமான் தப்புச் செய்யும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் காலத்தில் எங்களில் பல பேருக்கு இந்த வியாதி இருந்தது.

நவராத்திரி வந்தது. கோயில் பெண்கள் வந்து அவளைப் பாடக் கூப்பிட்டார்கள். அவள் மறுக்கப் போகிறாள் என்று அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"எங்க வீட்டுல ஒரு பிஸ்கட் டின்னு இருக்கு. அது ஒழுங்கா வேலை செஞ்சா பாடுறேன். அந்தக் கரி மைக் முன்னால இன்னொரு வாட்டி நிக்க மாட்டேன்" என்றாள்.

எனக்குச் சந்தோஷத்தில் கண்ணில் நீர் வந்துவிட்டது. உடனே பயமும் வந்தது. பெட்டி அடைத்துக்கொண்டால் அவள் இனிமேல் எந்த நாளும் பாட மாட்டாள், அதற்கு இரண்டாவது தடவையாக நானே காரணமாவேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலைவரை சோதித்தேன். அடைத்தது. மறுநாள் காலையில் இன்னும் ஒரு தடவை பிரித்துப் பார்க்கலாம் என்று இருந்தேன். எழுந்து வந்து பார்த்தால் பெட்டி மேசையில் இல்லை. சாமி படத்துக்கு முன்னால், அரிவாள்மனைக்கும் என் திருப்புளிக்கும் நடுவில், பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எடு அதை. வேலை இருக்கு" என்றேன்.

"பூசையில வச்ச சாமானை இன்னைக்குத் தொடக் கூடாது. நாளைக்குக் காலையில மறுபூசை போட்டுத்தான் எடுக்கணும். ஒங்க திருப்புளியும் அங்கதான் இருக்கு, எதை வச்சுப் பிரிப்பீங்க?" என்றாள்.

நியாயமான கேள்வி. அன்று முழுவதும் சுண்டலைத் தின்றுகொண்டு, கையைக் கட்டிக்கொண்டு பெட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையிலேயே நீளமான ஆயுத பூஜை அதுதான்.

விஜயதசமி காலை மறுபூஜையில் எல்லாச் சாமானுக்கும் புதுச் சந்தனம் வைத்தாள். அரிவாள்மனைக்கு ஒன்று, திருப்புளிக்கு ஒன்று. பெட்டியின் முகத்தில் இரண்டு பித்தளைக் கண்ணும் அவளைப் பார்த்திருக்கும்போல. கண்ணுக்கு நடுவில்தானே பொட்டு வைக்க வேண்டும்? இரண்டு திருகுக்கும் இடையில், இரண்டையும் தொட்டுக்கொண்டு, பட்டையாகக் குழைத்த சந்தனத்தை இழுத்து நடுவில் குங்குமம் வைத்தாள்.

கற்பூரம் அணைவதற்குள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். மாட்டிக் காதில் வைத்தேன். அவள் கத்திரிக்காயில் தொடங்கினாள். நெத்திலி வந்தது. அதைத் தாண்டி உளுந்து, கடலைப் பருப்பு, கருப்பட்டி எல்லாம் வந்தன. அடைப்பு இல்லை. கீழே மில்லும் ஓடிக்கொண்டிருந்தது. நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். சாமான் எல்லாம் தீர்ந்துபோயின. பிறகு, ஒரு வருஷத்துக்கு அப்புறம், என் மனைவி இரண்டு அடி பாடினாள். அவள் அம்மா பாடுகிற சரஸ்வதி பாட்டு. அவளுடைய மூச்சுகூட என் காதில் விழுந்தது.

இந்த இடத்தில் எந்த மனுஷனும் பெட்டியை அப்படியே எடுத்து வைத்திருப்பான். நான் ஈரத் துணியை எடுத்துக்கொண்டு வந்தேன். முகப்பில் அழுக்கு இருக்கக் கூடாது என்று பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. சந்தனத்தைத் துடைத்துச் சுத்தமாக்கிக் காய வைத்து மறுபடி மாட்டினேன். கத்திரிக்காய், வாழைப்பூ, டொக்.

அவள் வந்து துடைத்த முகத்தையும் என் முகத்தையும் பார்த்தாள்.

"எதுக்கு அழிச்சீங்க?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை. தற்செயலா..."

"தற்செயலாவே இருக்கட்டும். தள்ளுங்க." சந்தனத்தைத் திரும்பவும் பூசினாள். பெட்டி திரும்பவும் பாடியது. சரஸ்வதி எனக்குப் புரியாத ஏதோ ஒன்றைப் பண்ணியிருக்கிறாள், மாலைவரைக்கும் வாயை மூடிக்கொண்டிருப்போம் என்று பெட்டியை ஒரு துண்டில் சுற்றி எடுத்து வைத்தேன்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்திருந்தது. பெட்டியை மேடையோரத்தில் ஒரு முக்காலியில் வைத்து, பாயின் ஒலிபெருக்கியோடு இணைத்தேன். மேடையேறுமுன் அவள் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் சந்தனம் தொட்டுப் பெட்டிக்கு வைத்துவிட்டுப் போனாள். பாய் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

பாடத் தொடங்கினாள். மண்டபம் அடங்கிப் போயிற்று. அவள் உரக்கப் பாடவில்லை. அடுப்படியில் பாடுகிற அதே குரல், அதே நெளிவு, ஒவ்வொருத்தர் பக்கத்திலும் உட்கார்ந்து பாடுவதுபோல் கேட்டது. முதலில் கொஞ்சம் மெலிவாக இருந்த குரல் நேரம் ஆக ஆகக் கனிந்துகொண்டே போனது. முதல் பாட்டு முடிந்தது. கை தட்டினார்கள். இரண்டாவது பாட்டின் நடுவில், மண்டபமே கேட்க, 'டொக்' என்றது.

குரல் அமுங்கியது. அவள் நிறுத்தவில்லை, ஆனால் முகம் மாறிவிட்டது. அந்த முகத்தை நான் போன வருஷம் பார்த்திருக்கிறேன். மறுபடி 'டொக்'. முன்வரிசையில் யாரோ திரும்பிப் பேசினார்கள். பெட்டியின்மேல் குனிந்தேன். மேடை விளக்கின் சூட்டில் சந்தனம் காய்ந்து, வெடித்து, பாதி உதிர்ந்து கிடந்தது.

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. மழை நாளில் பெட்டி பாடியது மில் நின்றதால் அல்ல, காற்றில் இருந்த ஈரத்தால். இரண்டு திருகுக்கும் நடுவில் ஈரச் சந்தனம் இருக்கும்வரை தேங்கிய மின்சாரம் அதன் வழியாக வடிந்திருக்கிறது. அப்படியானால் உள்ளே இருக்கிற என் வெள்ளிப் பூண் வடிகால் முதல் நாளிலிருந்தே செத்த சாமான்.

மண்டபத்து வாசலில் வரவேற்புக்கு வைத்திருந்த சந்தனக் கிண்ணத்தை நோக்கி ஓடினேன். ஒருவர் உள்ளே வந்து கையை நீட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கைக்குப் போக வேண்டிய சந்தனத்தைக் கிண்ணத்தோடு பிடுங்கிக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். நூற்றுக்கணக்கான கண்கள் பார்த்திருக்க, இரண்டு விரலால் அள்ளி அந்தத் தகரப் பெட்டியின் நெற்றியில் அப்பினேன். குரல் பளிச்சென்று திரும்பி வந்தது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். அவரைப் பார்த்து வரிசை முழுக்கக் கும்பிட்டது. அறிவியலுக்காக நான் செய்த ஒரே பொதுத் தொண்டு பக்தியாகிவிட்டது.

பாய் என் காதருகே குனிந்தார். "சந்தனம் எங்களுக்கும் புதுசில்லை தம்பி. கந்தூரிக்குச் சந்தனக்கூடு எடுக்கிறவங்கதான் நாங்க. ஆனா மிசினுக்குப் பூசி நான் பாத்ததில்லைலா!"

"காயாம பாத்துக்குங்க பாய். காயுறப்ப ஒரு சொட்டுத் தண்ணி தொட்டு வைங்க" என்று கிண்ணத்தை அவரிடம் கொடுத்தேன். அவர் அடுத்த அரைமணி நேரமும் ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து நனைத்து, குழந்தைக்குப் பொட்டு வைப்பதுபோல் அதைக் கவனித்துக்கொண்டார்.

மறு வாரம் அந்த வடிகாலை உடைத்துப் பார்த்தேன், உள்ளே இழை அறுந்திருந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு காகிதக் கீற்றில் பென்சிலால் கோடு போட்டு இரண்டு திருகுக்கும் நடுவில் வைத்தோம். பென்சில் கரியும் மின்சாரத்தைக் கொஞ்சமாக வடியவிடும். நான் ஹெட்ஃபோனோடு உட்கார, அவள் பாடிக்கொண்டே கோட்டைக் கறுப்பாக்கினாள். குரல் மெலிந்தது. ரப்பரால் கொஞ்சம் அழித்தாள், குரலுக்குச் சதை பிடித்தது. இன்னும் கொஞ்சம் அழிக்கச் சொன்னேன், டொக் என்றது. இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போட்டும் அழித்தும் கடைசியில் அவள் குரலுக்கென்றே ஒரு கோடு அமைந்தது. மழைக்கு மாறாமலிருக்க அதன்மேல் மெழுகைத் தேய்த்தோம். பிறகு பெட்டி ஒரு நாளும் அடைக்கவில்லை. ஆனாலும் கச்சேரிக்கு எடுத்துப்போகும்போது, யாராவது கேட்பார்களே என்று ஓரத்தில் ஒரு சந்தனப் பொட்டு வைத்துக்கொள்வோம்.

மண்டபத்துக்குத் திரும்புகிறேன். பெட்டியைப் பாயிடம் விட்டுவிட்டு நான் மெல்ல நடந்து கடைசித் தூணுக்குப் போனேன். போன வருஷம் நின்ற அதே இடம். ஒவ்வொரு சொல்லும் அங்கே வந்து விழுந்தது. கேட்டுக்கொண்டே நின்று அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே கச்சேரி முடிந்துவிட்டது. டின்னை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் நடந்தோம். எப்போதும் எனக்குப் பின்னால் நடப்பவள் அன்று நாலு எட்டு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"இந்த வருஷமும் அதே தூண்கிட்டதான் போயி நின்னீங்க" என்றாள், திரும்பாமல்.

"ஒனக்குத் தெரியுமா?"

"எட்டு வருஷமா 'கோப்பி எங்க'ன்னு கேக்குற குரல். அதைத் தெரியாதா? மடையன்னு நீங்க சொன்னப்ப நான் இல்லைன்னு சொன்னேனா?"

"அப்ப ஏன் ஒரு வருஷமா ஒண்ணும் கேக்கலை?"

"நீங்களே சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். நீங்க பெட்டி செஞ்சீங்க."

மில்காரரோடு போட்ட சண்டையும் சுங்கை ரோட்டு வெயிலும் ஏழெட்டு வாரம் கெட்ட தூக்கமும் என் கண் முன்னால் போயின. இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். டின்னை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பூக்கடைக்காரரும் பால்காரரும் போய்வந்துகொண்டிருந்த அந்தத் தெருவில், தொண்டைக்குள்ளேயே, "தப்புத்தான். மன்னிச்சுக்க" என்றேன்.

அவள் நிற்கவில்லை. நாலு எட்டு முன்னாலிருந்தே பதில் வந்தது.

"பின்னாலேருந்து கேக்கலை. சத்தமா!"

நான் சத்தமாகச் சொன்னேன். தெருவே திரும்பிப் பார்த்தது.